ரேலீன் வாங்கிய கிழட்டு மீன்கள்

ரேலீனுக்கு மீன் பிடிக்காது. சமைத்த மீனும் பிடிக்காது, நீந்துகிற மீனும் பிடிக்காது. இருந்தும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு மீன்தொட்டியோடு ஒரே அறையில் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். இதை அவள் புகாராகச் சொல்லி நான் கேட்டதில்லை. வெளியே வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

அவர்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி நான் இருக்கிறேன். சுவர்ப்பூச்சு வேலை செய்து தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வீடு திரும்பியவன் என்பதால் டஸ்டி என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது மருந்துக்கடைப் பெண் மட்டும்தான் கூப்பிடுகிறாள், அதையும் தப்பாக. ரேலீனின் கணவன் நெவும் நானும் ஒரே சிக்லிட் சங்கத்துக்காரர்கள். ஆஸ்கர், டெக்சாஸ், செவரம் என்று சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்கிற, இடத்துக்காக அடித்துக்கொள்கிற, சோறு போடுகிற ஆளை அடையாளம் தெரிந்து கண்ணாடி ஓரம் வந்து நிற்கிற மீன்களுக்கெல்லாம் சேர்த்து அந்தப் பெயர். அடிலெய்டின் வடக்குப் பக்கத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஐம்பது அறுபது பேர் இருப்போம். மனைவிமார்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை, கேட்காமல் இருப்பதுதான் நல்லது.

ரேலீன் வடக்கே உள்நாட்டில் இருக்கிற பீட்டர்பரோவில் ஒரு ரயில்வேக்காரர் வீட்டில் மூத்த பெண்ணாகப் பிறந்தவள். மூத்த பெண் என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை, தம்பி தங்கைகளின் மூக்கைத் துடைத்தே வளர்ந்தாள். இங்கே வந்து கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற தொழிற்சாலையில் சேர்ந்தாள். கார்க்காரர்கள் கடையைக் கட்டியபோது அதுவும் மூடியது. பிறகு பள்ளிக்கூடத்தில் சுத்தம் செய்கிற வேலை; விடிவதற்கு முன் போய், பிள்ளைகள் வருகிற நேரத்துக்குத் திரும்பிவிடுவாள். நெவின் அம்மா நினைவு தப்பிப் பின்னறையில் பல வருஷம் கிடந்தாள். அவளுக்கும் எல்லாம் செய்தது ரேலீன்தான். ஒரே மகள் கரீன் பெர்த்துக்கு வடக்கே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறாள், கிறிஸ்துமஸுக்கு வந்து, சமையலறையில் நின்றபடி போனைப் பார்த்துவிட்டுப் போவாள். நல்ல பெண்தான், தூரம் அதிகம்.

நெவ் பஸ் ஓட்டினவன். கடைசியில் அவனுடைய நுரையீரல் போயிற்று. பாதி சிகரெட், பாதி இளவயதில் வார்ப்படத் தொழிற்சாலையில் இழுத்த புகை என்று டாக்டர் சொன்னார். முழுக்கச் சிகரெட்தான் என்று ரேலீன் சொன்னாள். மூக்கில் ஒரு குழாய், அதன் மறுமுனையில் மூலையில் ஆக்ஸிஜன் பெட்டி. சாய்வு நாற்காலியிலிருந்து கழிப்பறை வரைக்கும்தான் அவனுடைய உலகம். நாற்காலிக்கு எதிரே நாலடித் தொட்டி. அதில் ஒரே ஒரு வயசான ஆஸ்கர் இருந்தது. அந்தக் கோடையின் வெக்கையில், மின்சாரம் போன ஒரு மத்தியானம், அதுவும் செத்துப்போனது. அதற்கப்புறம் நெவ் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னான். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி தவிர ஒன்றும் இல்லை.

ஒரு வாரம் அந்தக் குப்பைத்தொட்டியைப் பார்த்தான். பிறகு ஒருநாள் நான் இருக்கும்போதே கேட்டான்.

"ரேலீன், ஆறடித் தொட்டி ஒண்ணு வேணும்."

அவள் பள்ளிக்கூடத்துச் சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எதுக்கு, உன்னப் போட்டு மூடறதுக்கா?"

நெவ் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து அவன் முதுகைத் தடவினாள்.

"சரி," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

கேட்டதும் கொடுத்துவிட்டாள் என்று லேசாக நினைக்கக் கூடாது. பெரிய சிக்லிட்டுகள் அசிங்கமாகத் தின்று அசிங்கமாகக் கழிகிற ஜாதி. வாராவாரம் பாதித் தண்ணீரை மாற்றியாக வேண்டும். ரப்பர்க் குழாயை ஜன்னல் வழியாக விட்டு அழுக்குத் தண்ணீரை எலுமிச்சை மரத்துக்கு இறக்கிவிடலாம், அது சுலபம். நல்ல தண்ணீரைத் துணி துவைக்கிற அறையிலிருந்து, வெதுவெதுப்பு பார்த்து, மருந்து கலந்து, வாளி வாளியாகத் தூக்கி வர வேண்டும். நெவ் படுத்த பிறகு அதைச் செய்தது அவள்தான். நான் செய்கிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். "நீ உன் வீட்டு வாளியத் தூக்கு, உம் பொண்டாட்டி பாவம்," என்பாள். நாலடித் தொட்டிக்கே அவளுடைய தோள்பட்டை போயிருந்தது. ஆறடி என்றால் தண்ணீர் அதற்கு மூன்று மடங்கு.

சங்கத்தில் ஒருவன் கொட்டகையில் சும்மா போட்டு வைத்திருந்த தொட்டியை எடுத்து வந்தோம். கனம் தாங்காமல் நாலு பேரும் வழியில் கெட்ட வார்த்தைகளை எல்லாம் தீர்த்துவிட்டோம். நாற்காலியை மறுபடி உள்பக்கம் திருப்பினோம். தண்ணீர் நிரப்பி, மணலும் கல்லும் போட்டு, பழைய வடிகட்டியின் பஞ்சை இதில் மாற்றி, தண்ணீர் பக்குவப்படட்டும் என்று விட்டோம். மீன் இல்லாத தண்ணீரை நெவ் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய முகத்தில் பழைய களை வந்திருந்தது, அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என்ன மீன் விடுவது என்கிற பஞ்சாயத்து அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வெளியாட்களுக்கு இது கடையில் போய்க் காய்கறி வாங்குகிற காரியமாகத் தெரியும். எங்களுக்குச் சம்பந்தம் பேசுகிற காரியம். ரெட் டெவிலைப் போட்டால் மற்றது எல்லாம் இரண்டு நாளில் காலி. இரண்டு ஆண் டெக்சாஸ் போட்டால் ஒன்று மூலையில் கிழிந்து கிடக்கும். ஆஸ்கர் பெரிய உடம்பு, சின்ன தைரியம். ராஜா ஒருத்தன் வேண்டும், ராஜாவைக் கண்டுகொள்ளாத இரண்டு பேர் வேண்டும், அடி வாங்கினாலும் சாப்பாட்டை விடாத ஒருத்தன் வேண்டும்.

"ஆறு டெக்சாஸ் பொடிசு," என்றான் நெவ். மூச்சுக்கு நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவான். "அதுல ஜோடி சேர்றத வச்சிப்போம். மிச்சத்த ஏலத்துல திருப்பிக் குடுத்துடலாம். அப்புறம் மூணு ஆஸ்கர் பொடிசு. விரல் நீளம் போதும்."

எங்கள் சங்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வளர்ந்த மீனை வாங்கக் கூடாது. விரல் நீளத்தில் வாங்கி, நீயே தீனி போட்டு, உன் கையில் அதற்கு நிறம் ஏற வேண்டும். வளர்ந்ததை வாங்குகிறவன், அடுத்தவனுடைய கல்யாண போட்டோவை வாங்கித் தன் வீட்டுச் சுவரில் மாட்டுகிற ஆள் என்று எங்களுக்குள் ஒரு இளக்காரம். நெவ் இந்தச் சட்டத்தில் எங்களை எல்லாம் விடக் கறார். ஒருமுறை பெரிய ஆஸ்கர் ஒன்றைக் கடையில் வாங்கிவந்த ஒருவனோடு அவன் ஒரு வருஷம் பேசவில்லை.

"டெக்சாஸுக்கு முத்து முத்தா புள்ளி தெளிஞ்சு வரணும்னா மூணாவது வருஷம் ஆகும்," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அடுத்த கிறிஸ்துமஸைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"ஆகட்டும்," என்றான் நெவ், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "எனக்கென்ன அவசரம்?"

ரேலீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எத்தன வருஷம் உயிரோட இருக்கும்?" என்று கேட்டாள்.

"நல்லாப் பாத்துக்கிட்டா பதினஞ்சு வருஷம் தாராளமா இருக்கும்," என்றான் நெவ், பெருமையாக. பெற்ற பிள்ளையின் உயரத்தைச் சொல்கிற மாதிரி.

அவள் குழாயை மூடினாள். துணி எடுத்துவிட்டு வருகிறேன் என்று பின்வாசல் வழியாகப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். காய்ந்த துணியை எடுக்காமல் கொடிக்குக் கீழே சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"பதினஞ்சு வருஷம், டஸ்டி," என்றாள். "எனக்கு அறுபத்தொண்ணு ஆகுது. எழுபத்தாறு வயசுல நான் அந்த வாளியத் தூக்கிட்டு நிப்பேன். அவன் ஜாலியாப் போய்ச் சேந்திருப்பான்."

"அப்படி வந்தா சங்கத்துல எடுத்துப்போம் ரேலீன். அதுக்குத்தானே சங்கம்."

"எடுத்துப்பீங்க. ஆனா அவன் பொடிசுல இருந்து வளத்த மீனுன்னு ஆயிட்டா, அத எப்படித் தூக்கிக் குடுப்பேன்? குடுக்க மாட்டேன். நீ வேணா பாரு, திட்டிட்டே வச்சிருப்பேன். என்ன எனக்குத் தெரியும்." துணிக்கிளிப்பை எடுத்து அழுத்தி அழுத்தி விட்டாள். "நான் ரொம்பக் களைச்சிட்டேன். இத யார்கிட்டயும் சொன்னதில்ல. அவன் இருமுறப்ப எந்திரிக்கறது எனக்கு ஒண்ணும் இல்ல. அதுக்கு அப்புறமும் ஏதோ ஒண்ணு இருக்குன்னு நெனைக்கறப்பதான் கால் நடக்க மாட்டேங்குது."

ஆறுதல் சொல்வதில் நான் மட்டம். துணியை எடுத்து மடித்துக் கொடுத்தேன், அதையும் தப்பாக மடித்தேன் என்று அவள் திரும்ப மடித்தாள்.

"பெருசாவே வாங்கிட்டா என்ன?" என்று கேட்டாள். "வளந்தது. வயசானது. அவனும் நிறத்த இப்பவே பாப்பான். அதுக்கும் ரொம்ப நாள் இருக்காது."

"நெவ் ஒத்துக்க மாட்டான். அவனுக்கு அது மானப் பிரச்சனை. அதோட, பெருசா வாங்கினா நீ அவனோட நாள எண்ணிட்டன்னு ஆயிடும்."

"அதுவும் தெரியும்," என்றாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சங்கத்து ஏலம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரணர் கூடத்தில் நடக்கும். ஏலம் கூறுகிறவன் நான். வெளியே சாசேஜும் வெங்காயமும் சுடுகிற புகை, உள்ளே தெர்மாகோல் பெட்டிகளில் மீன் பைகள், எல்லோர் சட்டையிலும் தண்ணீர். அன்று ரேலீன் தனியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நெவ் எதற்கு அனுப்பியிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். முதல் பாதியிலேயே பொடி டெக்சாஸ் வந்தது, ஆறு, நல்ல இடத்துக் குஞ்சு. அவளைப் பார்த்தேன். கை எழவில்லை. இரண்டு முறை கூவினேன், வேண்டுமென்றே இழுத்தேன். அவள் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாலிஸ்பரிக்காரன் ஒருவன் எடுத்துக்கொண்டு போனான். பொடி ஆஸ்கரும் அப்படியே போயிற்று.

கடைசியில் எங்கள் சங்கத்து ஹார்ஸ்ட் கிழவருடைய நாலு வாளிகள் வந்தன. ஹார்ஸ்ட் முதியோர் குடியிருப்புக்குப் போகிறார். அங்கே பூனைக்கு அனுமதி உண்டு, பெரிய தொட்டிக்கு இல்லை. வாளிக்கு ஒன்றாக நாலு மீன்கள். நெற்றி புடைத்த கிரீன் டெரர் ஒன்று, உடம்பெல்லாம் நீலப் பச்சை மினுக்கு. தட்டு மாதிரி இரண்டு செவரம். ஒற்றைக்கண் ஆஸ்கர் ஒன்று. எட்டு ஒன்பது வருஷமாக ஒரே தொட்டியில் இருந்தவை. போட வேண்டிய சண்டையை எல்லாம் எப்போதோ போட்டு முடித்து, யாருக்கு எந்த மூலை என்று தீர்த்துக்கொண்டு, ஒன்றோடொன்று சலித்துப்போன குடும்பம். நாலையும் பிரிக்காமல் எடுக்க வேண்டும் என்பது ஹார்ஸ்டின் ஒரே நிபந்தனை.

கூவினேன். யாரும் வாய் திறக்கவில்லை. நல்ல மீன், எல்லோருக்கும் தெரியும், ஆனால் அடுத்தவனுடைய மீன். ஹார்ஸ்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். விலையைக் குறைத்துக் குறைத்து, சொல்லவே வெட்கமான இடத்துக்கு வந்தேன். அப்போது கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது.

கூடமே திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த பருத்த ஆள் ஒருவன், "ஏன் ரேலீன், இதோட போனா நெவ் உன்ன வீட்டுக்குள்ள விடுவானா?" என்று கேட்டான்.

"வீடு எம் பேர்லதான் இருக்கு," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் சுத்தியலை அடித்தேன். வாளிகளை அவள் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போக வேண்டியவன் நான்.

நெவ் சட்டை மாற்றி, முகச் சவரம் செய்து உட்கார்ந்திருந்தான். கையில் பொடி மீன்களுக்கான தீனி டப்பா. முதல் வாளியைப் பார்த்ததுமே அவன் முகம் மாறியது. பொடி மீனுக்கு வாளி தேவையில்லை.

"என்ன இது?"

"மீன்," என்றாள் ரேலீன்.

மூடியைத் திறந்தேன். ஆஸ்கர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இருந்த ஒரு கண்ணால் மேலே பார்த்தது.

"இது ஹார்ஸ்டோடது," என்றான் நெவ். "இது எனக்குத் தெரியும். இதுக்கு என்ன வயசு?"

"எட்டு ஒம்பது இருக்கும்," என்றேன் நான்.

அவன் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. தீனி டப்பாவை நாற்காலிக் கைப்பிடியில் வைத்தான்.

"அப்ப நீ எண்ணிட்ட, ரேலீன்."

"நான் எண்ணல. டாக்டர் எண்ணினாரு. நீயும் பக்கத்துலதான் உக்காந்திருந்த."

"நான் வெளிய இருக்கேன்," என்று நான் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"இரு டஸ்டி," என்றாள். "வாளில காத்துக் குழாயப் போட்டு விடு. நாங்க பேசி முடிக்கற வரைக்கும் அதுங்களாவது மூச்சு விடட்டும்."

நான் மண்டியிட்டு ஒவ்வொரு வாளியிலும் காற்றுக் குழாயைப் போட்டேன். அந்த வேலையை அவ்வளவு நிதானமாக நான் செய்ததே இல்லை.

நெவ் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினான். "நான் பொடிசு கேட்டது எனக்காகன்னு நெனச்சியா? மூணாவது வருஷம் நான் எங்க இருப்பேன்னு எனக்குத் தெரியாதா? புத்தி இன்னும் போகல, மூச்சுதான் போயிருக்கு." நிறுத்தினான். ஆக்ஸிஜன் பெட்டி இரண்டு முறை பெருமூச்சு விட்டது. "உனக்காகத்தான் கேட்டேன். உங்கம்மா போனப்புறம் உங்கப்பா என்ன பண்ணாரு? சுவரப் பாத்துப் படுத்தாரு. அப்படியே போயிட்டாரு. காலைல தீனி போடறதுக்கு வீட்ல ஒண்ணு இருந்தா நீ எந்திரிப்ப. சின்னதா இருந்தா ரொம்ப வருஷம் எந்திரிப்ப. அதுக்குத்தான்."

ரேலீன் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். முதல்முறையாக அவள் கண் கலங்கி நான் பார்த்தேன். ஆனால் பேசும்போது குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"நான் எந்திரிச்சிட்டுத்தான் இருக்கேன் நெவ். பொறந்ததுல இருந்து எந்திரிச்சிட்டே இருக்கேன். தம்பி தங்கச்சிக்கு எந்திரிச்சேன். ஃபேக்டரிக்கு எந்திரிச்சேன். கரீனுக்கு, உங்கம்மாவுக்கு, அந்தப் பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்கு. உனக்கும் எந்திரிக்கறேன், நீ இருக்கற வரைக்கும் எந்திரிப்பேன், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ போனப்புறம் என்ன எழுப்பி விடறதுக்கு எதையும் வச்சிட்டுப் போகாத. எனக்குப் படுக்கணும்."

வாளிகளில் குமிழி வருகிற சத்தம் மட்டும் கேட்டது. நெவ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் கூட இருந்தவளை இப்போதுதான் யாரோ அறிமுகப்படுத்தி வைத்த மாதிரி பார்த்தான்.

"இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே, கிழவி," என்றான் கடைசியில்.

"நீயும் சொல்லியிருக்கலாம்."

"கோட்டக் கழட்டு. உக்காரு." பிறகு என் பக்கம் திரும்பினான். "டேய் டஸ்டி, வெளக்க அணை. கல்ல எல்லாம் கலைச்சு வை. நாலையும் ஒண்ணா விடணும், ஒண்ணு முன்ன ஒண்ணு பின்னன்னு விட்டா மொதல்ல போனது வீடு எனக்குன்னு சொல்லிடும். உனக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்றேன்."

விளக்கை அணைத்து நாலையும் விட்டோம். அவை அடித்துக்கொள்ளவில்லை. இருட்டில் ஒன்றையொன்று உரசிப் பார்த்து, பழைய ஆட்கள்தான் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கின. அரைமணி கழித்து விளக்கைப் போட்டபோது ஒற்றைக்கண் ஆஸ்கர் கண் இருக்கிற பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நெவுக்கு நேராகக் கண்ணாடியில் வந்து நின்றது. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்க ஏறுகிற இன்ஸ்பெக்டர் மாதிரி முறைக்கிறான் என்றான் நெவ். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நெவ் அந்த மீன்களோடு இருந்தான். வளர்ந்த மீனைப் பற்றிய தன்னுடைய சட்டத்தை மாற்றிக்கொண்டான் என்று சொல்ல மாட்டேன். யாராவது பார்க்க வந்தால், "என்னோடது இல்ல, ஹார்ஸ்டோடது, சும்மா பாத்துக்கறேன்," என்பான். ஆனால் உரித்த இறாலைக் கையால் கொடுப்பான். கிரீன் டெரர் நிறம் ஏறி மினுக்கும்போது வாயைத் திறந்தபடி பார்ப்பான். ரேலீன் சனிக்கிழமைகளில் வாளி தூக்கினாள், திட்டிக்கொண்டே தூக்கினாள். வாளி தூக்கின பிறகு அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காரப் பழகினாள். ஹார்ஸ்ட் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, செவரம் இரண்டும் தன்னை மறந்துவிட்டன என்று குறைப்பட்டுக்கொண்டு போனார்.

செப்டம்பரில், ஃபுட்பால் இறுதிப் போட்டிக்கு முந்தின வாரம் நெவ் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். கரீன் வந்தாள், ஒரு வாரம் இருந்தாள், போனாள். ஆக்ஸிஜன் பெட்டியை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை ரேலீன் போன் செய்தாள்.

"மீன எடுத்துக்க வர்றியா? சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கும். நான் படுத்திருந்தா எழுப்பாத."

மறுநாள் காலையில் பெட்டிகளையும் பெரிய பைகளையும் எடுத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்து வேலைக்கு அவள் லீவு சொல்லியிருந்தாள். சோபாவில் படுத்திருந்தாள், போர்வை இல்லை, காலில் வீட்டுச் செருப்பு அப்படியே இருந்தது. வாயை லேசாகத் திறந்துகொண்டு அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினாள். அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, சின்னப் பெண்ணுடையது மாதிரி.

சத்தமில்லாமல் வேலையைத் தொடங்கினேன். தண்ணீரை இறக்குவதற்கு முன் சூடேற்றியையும் வடிகட்டி மோட்டாரையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். சுவிட்சை அணைத்தேன். அறை சட்டென்று அடங்கிப்போயிற்று. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

ரேலீன் எழுந்து உட்கார்ந்தாள். கண் முழுதாகத் திறக்கவில்லை. எழுந்து நிற்கவே போய்விட்டாள், ஒரு கை சோபாவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு? நெவ்?"

"நான்தான் ரேலீன், டஸ்டி. ஒண்ணும் ஆகல. மோட்டார நிறுத்தினேன், அவ்வளவுதான்."

அவள் தொட்டியைப் பார்த்தாள், காலி நாற்காலியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வருவதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"அது ஓடிட்டிருந்தா தூங்கிடறேன்," என்றாள். "நின்னா முழிச்சிக்கறேன்."

"நான் அப்புறம் வரேன்."

"வேணாம், எடுத்துட்டுப் போ. நான் சொன்னது சொன்னதுதான். எனக்கு வாளி தூக்க முடியாது." மறுபடி படுத்துக்கொண்டாள், முகத்தைச் சோபாவின் முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "கொஞ்ச நேரம் மட்டும் போட்டு விடு. நான் தூங்கி எந்திரிச்சப்புறம் எடுத்துக்க."

சுவிட்சைப் போட்டேன். மோட்டார் இரண்டு முறை முக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. அவளுடைய தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கரீன் மடித்து வைத்துவிட்டுப் போன போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு நெவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆஸ்கர் வந்து என்னைப் பார்த்துவிட்டு, தீனி இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது. மத்தியானம் ஆயிற்று, எனக்குப் பசித்தது. வெயில் தொட்டியைக் கடந்து தரைக்கு வந்து, தரையைக் கடந்து போயிற்று. அவள் தூங்கினாள். நான் எழுப்பவில்லை.